திறந்த ஜீப்புக்கு மழைக்கூரை: துணியைவிட வாட்டம் முக்கியம்

கேள்வியின் சுருக்கம் இது. செங்கோட்டைப் பக்கம் ஒரு பழைய ஜீப். மேலே எதுவும் கிடையாது, முன்கண்ணாடி பிரேம் மட்டும் நிற்கிறது. வாரம் இரண்டு மூன்று முறை புளியரை வழியாக ஆரியங்காவு, தென்மலை போய்வர வேண்டும். ரெடிமேட் ஹூட் வாங்கப் பணமில்லை. சில்பாலின் (பிளாஸ்டிக் தார்ப்பாய்) விரித்துக் கயிறு போட்டுக் கட்டியதில் ஒரே வாரத்தில் ஓரம் கிழிந்தது, உள்ளேயும் நனைந்தது. கண்ணாடி பிரேமின் மேல் அகலம் 140 செ.மீ., பின்பக்க அகலம் 145, கண்ணாடியிலிருந்து பின்கதவு வரை 180, பாடி விளிம்பிலிருந்து கூரை உயரம் 90. கையாலேயே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் சில்பாலினுக்குப் பதிலாக இன்னும் கெட்டியான துணி வாங்கினால் போதும் என்று நினைத்தால் அடுத்த வாரமும் நனைவீர்கள். துணி வழியாகத் தண்ணீர் வருவது மிகக் குறைவு. அது வரும் இடங்கள் நான்கு: துணி முன்கண்ணாடியோடு சேரும் இடம், தையல் ஓட்டை, தண்ணீர் தேங்கும் குழி, பாடிக்கு உள்பக்கமாகச் செருகிய ஓரம். மலைக்கு அந்தப்பக்கம் ரப்பர் மரத்துக்கு மழைக்கவசம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிளாஸ்டிக் மலிவானதுதான். மரப்பட்டையோடு அது ஒட்டுகிற இடத்தில் தாரைச் சரியாகப் பூசியிருந்தால் பால்வெட்டு நனையாது, விட்டிருந்தால் எவ்வளவு நல்ல பிளாஸ்டிக்காக இருந்தாலும் பயனில்லை. உங்கள் கூரைக்கும் இதே கணக்குதான்.

உங்கள் பாதையில் மழை இரண்டு விதம். செங்கோட்டைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல். கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும் காற்று பொடித்துளியைப் படுக்கைவசமாக அடிக்கும். மேலே எவ்வளவு நல்ல கூரை இருந்தாலும் பக்கத்திலும் முன்னாலும் புகுந்துவிடும். ஆரியங்காவு தாண்டினால் எடவப்பாதி மழை, அதாவது கேரளத்துத் தென்மேற்குப் பருவமழை, கொட்டித் தீர்க்கும். அங்கே தேங்கும் எடைதான் கூரையை உட்காரவைக்கும். அதனால் சாரலுக்கு இணைப்பும், கொட்டுமழைக்கு வாட்டமும் (தண்ணீர் வழிந்தோடும் சரிவு) சரியாக இருக்க வேண்டும். சில்பாலின் கிழிந்ததற்குக் காரணம் காற்றில் படபடத்ததும், ஓட்டை போட்டுக் கயிறு கட்டியதும். அந்தத் தாளில் தைத்தாலும் தபால்தலை ஓரம்போல ஊசித்துளை வழியாகவே கிழியும். வைக்கோல் மூட அது நல்ல பொருள், ஓடுகிற வண்டிக்கு ஆகாது.

முதலில் சட்டம், ஏனென்றால் கேரள எல்லை தாண்டுகிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. தகரமோ ஃபைபரோ போட்டு நிரந்தரக் கூரை வெல்டு செய்தால் அது பாடி மாற்றம் என்று நிறுத்தப்பட வாய்ப்பு உண்டு. கழற்றி மாட்டுகிற துணிக்கூரை, பழைய ஜீப்புகள் முதலிலிருந்தே வைத்திருந்த சங்கதி. அதனால் கீழே சொல்வதெல்லாம் போல்ட்டில் கழன்று வருகிற அமைப்பு. ஆர்சி புத்தகத்தில் பாடி வகை என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட், பின்விளக்கு, இண்டிகேட்டர் எதன் மேலும் துணி தொங்கக் கூடாது. ஜன்னலுக்குப் போடும் பிளாஸ்டிக் நிறமில்லாததாக இருக்கட்டும்.

இனி சட்டகம். கூண்டு வண்டிக்கு மூங்கில் வளை போடுவதைப் போல இரண்டு பைப் வளை போதும். ஒன்று ஓட்டுநர் தலைக்குச் சற்றுப் பின்னால், அதாவது கண்ணாடியிலிருந்து 90 செ.மீ.யில், மற்றொன்று கடைசியில். 25 மி.மீ. வெளிவிட்டம், 16 கேஜ் எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பைப் எடுங்கள். ஒரு வளைக்கு இரண்டு கால், மேல் அகலம், சாக்கெட்டுக்குள் இறங்கும் பாகம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆகும். பைப் 6 மீட்டர் நீளத்தில் வரும். ஒரு பைப்பில் ஒரு வளை போக மீதி 2.5 மீட்டர். அதில் கண்ணாடியிலிருந்து கடைசி வளை வரை போகும் 1.8 மீட்டர் பக்கக் கம்பி ஒன்று கிடைக்கும். ஆக இரண்டு பைப், இரண்டு வளை, இரண்டு பக்கக் கம்பி, கொஞ்சம் துண்டு மீதி. பிளாஸ்டிக் பைப்பில் செய்யலாமா என்றால் வேண்டாம். சித்திரை வெயிலில் தொய்ந்தால் அந்தத் தொய்வு திரும்பாது.

பைப்பை வளைக்கும் மெஷின் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது. கையால் வளைப்பதானால் நன்றாகக் காய்ந்த ஆற்று மணலைத் தட்டித்தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, 10 செ.மீ. ஆரத்துக்குக் குறையாமல் வளையுங்கள். மணல் இல்லாமல் வளைத்தால் உள்பக்கம் நசுங்கும். நசுங்கிய இடத்தில்தான் பின்னால் ஒடியும். ஈர மணலை அடைத்துவிட்டுத் தீயில் காட்டக் கூடாது. உள்ளே நீராவி கட்டி அடைப்பு வெடித்துத் தெறிக்கும்.

இப்போது வாட்டம். வளையின் மேல்பாகம் நேர்கோடாக இருக்கக் கூடாது. நடுவில் 6 செ.மீ. உயர்ந்து, இரண்டு ஓரமும் தாழ்ந்து வர வேண்டும். பாதி அகலம் 72 செ.மீ.க்கு 6 செ.மீ. இறக்கம் என்றால் நூற்றுக்கு எட்டு. தண்ணீர் நிற்காமல் ஓட இது போதும். பலர் செய்கிற தவறு, முன்னாலிருந்து பின்னால் வாட்டம் வைப்பது. சமதரையில் அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும்போது வண்டியின் மூக்கு தாழ்கிறதே! சாலை இறக்கம் நூற்றுக்கு ஆறு என்று வைத்தாலும் 180 செ.மீ. நீளத்துக்குக் கிட்டத்தட்ட 11 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். நீங்கள் பின்பக்கம் கொடுத்த 5 செ.மீ. வாட்டம் தலைகீழாகி, தண்ணீரெல்லாம் கண்ணாடி இணைப்பை நோக்கி ஓடும். வளைவில் பிரேக் பிடித்தால் மொத்தமாக மடியில் வந்து விழும். பக்கவாட்டு வாட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும்.

தேங்கினால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 60 செ.மீ. சதுரத்தில் சராசரி 3 செ.மீ. ஆழம் தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 11 லிட்டர், அதாவது 11 கிலோ. அந்த எடையில் துணி இன்னும் தொய்யும், குழி பெரிதாகும், இன்னும் தண்ணீர் சேரும். ஒருமுறை இப்படி இழுபட்ட துணி பழைய நிலைக்கு வராது. இதைத் தடுக்க வளைகளுக்கு மேல், துணிக்குக் கீழ், முன்னாலிருந்து பின்னாலாக மூன்று நாடா இழுத்துக் கட்ட வேண்டும். நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று. காயலான் கடையில் கிடைக்கும் பழைய சீட் பெல்ட் இதற்கு அருமையான பொருள். அது பாலியெஸ்டர், நனைந்தாலும் நீளாது. நைலான் நாடா ஈரத்தில் நீளும், இறுக்கம் போய்விடும்.

வளையை வண்டியில் நிறுத்த, 1 இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை 12 செ.மீ. துண்டுகளாக வெட்டிச் சாக்கெட் செய்யுங்கள். 25 மி.மீ. பைப் அதற்குள் இறங்கி உட்காரும். குறுக்கே ஒரு எம்8 போல்ட்டும் விங் நட்டும் போட்டால் ஆடாது, ஸ்பேனர் இல்லாமலே கழற்றலாம். சாக்கெட்டைப் பாடியில் போல்ட் செய்யும்போது உள்பக்கம் 5 செ.மீ. சதுரத்தில் 3 மி.மீ. தகடு வைத்து முடுக்குங்கள். வெறும் வாஷர் மட்டும் போட்டால் பழைய தகரம் ஒரு மாதத்தில் ஓட்டையைச் சுற்றிக் கிழியும். ஜிஐ பைப்பில் வெல்டு அடிப்பதாக இருந்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, திறந்த இடத்தில் வைத்து அடியுங்கள். அந்த வெள்ளைப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். சாக்கெட்டின் அடியில் 5 மி.மீ. ஓட்டை ஒன்று போட மறக்காதீர்கள். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே நின்று காலை அரித்துவிடும். எல்லாவற்றுக்கும் ரெட் ஆக்சைடு இரண்டு கோட். வண்டி கவிழ்ந்தால் இந்த வளை யாரையும் காப்பாற்றாது. இதை நம்பி இதில் சீட் பெல்ட் மாட்டக் கூடாது.

துணிக்கு வருவோம். மூன்று தேர்வு இருக்கிறது. முதலாவது கித்தான், பருத்திக் கேன்வாஸ். நனைந்ததும் நூல் உப்பி ஊசித்துளையைத் தானே அடைத்துக்கொள்ளும் குணம் இதற்கு உண்டு, அதுவும் பருத்தி நூலால் தைத்தால். குறை, சுருங்கும். அதனால் வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். சாரல் மாதங்களில் நாள்கணக்கில் காயாது, பூஞ்சை பிடிக்கும். இரண்டாவது சீட்டுக்குப் போடும் ரெக்சின். மேலே பளபளப்பாக இருந்தாலும் பின்னால் பின்னல் துணி இருப்பதால் வெட்டிய ஓரத்தில் ஈரத்தை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும், இழுத்தால் தொய்யும். மூன்றாவது லாரிக்குப் போடும் பிவிசி பூசிய பாலியெஸ்டர் படுதா. உங்கள் வேலைக்கு இதுதான். 400 முதல் 500 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போதும். 650 வாங்கினால் வீட்டு மெஷினில் தைக்க முடியாது, மடிக்கவும் சிரமம்.

கடைக்காரர் சொல்லும் ஜிஎஸ்எம்மை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 10 செ.மீ. சதுரத் துண்டு ஒன்று வெட்டி நகைக்கடைத் தராசில் நிறுங்கள். 4.5 கிராம் இருந்தால் 450 ஜிஎஸ்எம். நூறால் பெருக்க வேண்டியதுதான். ஒரு மூலையை மடித்து நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பூச்சு உரிந்தால் வேண்டாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை ஓட்டை தெரியக் கூடாது.

எவ்வளவு வாங்குவது? துணியின் அகலம் 54 இஞ்ச், அதாவது 137 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூரையின் நீளம் 180, முன்னால் மடித்துச் சுற்ற 12, பின்னால் தொங்க 10, மொத்தம் 202 செ.மீ. அகலம் 145, இரண்டு பக்கமும் 15 தொங்கல், 4 மடிப்பு, மொத்தம் 183. 137 போதாது. நடுவில் முழு அகலத்துண்டு ஒன்று, இரண்டு ஓரத்திலும் 30 செ.மீ. பட்டை ஒன்று ஒன்று என்று பிரியுங்கள். இரண்டு பாதியாக வெட்டி நடுவில் தைத்துவிடாதீர்கள். நடுத்துண்டை முழுதாக விட்டால் தையல் கூரை ஓரத்தில் வாட்டம் நன்றாக இறங்கும் இடத்துக்குப் போய்விடும். தண்ணீர் அங்கே நிற்காது. கூரைக்கு இப்படி 2.02 மீட்டர் இரண்டு தடவை. பின்திரைக்குத் துணியைக் குறுக்காகத் திருப்பி 1.55 மீட்டர். இதுவரை 5.6, ஆக 6 மீட்டர். பக்கத்திரை நான்கு, கதவுக்கு இரண்டும் பின்பாதிக்கு இரண்டுமாக, ஒவ்வொன்றும் 100க்கு 112 செ.மீ. அதற்கு 4 மீட்டர். மொத்தம் 10 மீட்டர், 450 ஜிஎஸ்எம்மில் எடை 6 கிலோ சொச்சம். பணம் இப்போது இல்லையென்றால் முதலில் கூரையும் பின்திரையும், அடுத்த மாதம் பக்கத்திரை. கூரையில் மீந்த 77 செ.மீ. அகலத் துண்டைத் தூர எறியாதீர்கள். ஐலெட் (கட்டுவதற்கு ஓரத்து ஓட்டையில் அடிக்கும் உலோக வளையம்) அடியில் இரட்டைப்பட்டை போடவும் ஒட்டு வைக்கவும் அது வேண்டும்.

நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் மாதிரி வெட்டுங்கள். தெருவில் பயன்பாடு முடிந்த ஃபிளெக்ஸ் பேனர் இதற்குச் சரியான பொருள். கூரைக்கே அதைப் போடலாமே என்று தோன்றும். மடிந்த இடத்தில் வெயிலில் வெடிக்கும், ஒரு பருவம்கூடத் தாங்காது. மாதிரிக்கு மட்டும் போதும். சட்டகத்தின் மேல் விரித்து, துணி கிளிப்பால் சுற்றிலும் பிடித்து, நடுக்கோடு, முன், பின், வலம், இடம் என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். பழைய ஜீப்பின் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் என்று நம்பி ஒரு பக்கத்தை மட்டும் அளந்து மடித்து வெட்டினால் ஏமாறுவீர்கள். ஒரு செ.மீ., ஒன்றரை செ.மீ. வித்தியாசம் சாதாரணமாகவே இருக்கும். மாதிரியைவிட நீளத்தில் 2 செ.மீ. குறைத்து வெட்டுங்கள், இழுத்துப் பூட்டினால்தான் படபடக்காது. மாட்டும் வேலையை நல்ல வெயிலில் செய்யுங்கள். பிவிசி வெயிலில் இளகிக் கொடுக்கும், சாயங்காலம் குளிர்ந்ததும் முரசுபோல இறுகி நிற்கும். காலைக் குளிரில் மாட்டினால் மத்தியானம் தொங்கும்.

தையல். பாலியெஸ்டர் நூல், டிக்கெட் (நூலின் கனத்தைச் சொல்லும் எண்) 30 அல்லது 40. ஊசி 18ஆம் நம்பர். தையல் நீளம் 4 முதல் 5 மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்பது சட்டைத் துணிக்குச் சரி. பூச்சுத் துணியில் நெருக்கமான ஓட்டை கிழிசலுக்குப் பாதை போட்டுத் தரும். துணி காலடியில் ஒட்டி நகராவிட்டால் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவுங்கள். இரண்டு அடுக்கு வரை வீட்டுக் கால்மெஷின் இழுக்கும். நான்கு அடுக்கு சேரும் மடிப்புத் தையலைத் தென்காசியிலோ புனலூரிலோ உள்ள சீட் கவர் கடையில் கொடுத்துத் தைத்து வாங்குங்கள். வெட்டி, குறித்து, கிளிப் போட்டுக் கொண்டுபோனால் அரைமணி நேர வேலைதான், கூலியும் அதற்கேற்பவே கேட்பார்கள்.

எந்தத் துண்டு எதன் மேல் வர வேண்டும் என்பதை ஓடு வேய்வதை நினைத்து முடிவுசெய்யுங்கள். மேலே உள்ளது கீழே உள்ளதை மூட வேண்டும். நடுத்துண்டின் ஓரம் பக்கப்பட்டையின் மேல் வர வேண்டும், பக்கப்பட்டை பக்கத்திரையின் மேல். ஓடும் வண்டியில் காற்று முன்னாலிருந்து வருவதால் இன்னொரு விதியும் உண்டு. முன்துண்டு பின்துண்டை மூட வேண்டும். இதை மாற்றித் தைத்தால் சாரல் அந்த வாய்க்குள் நேராக நுழையும்.

தைத்து முடித்த பின் ஊசித்துளையை அடைக்க வேண்டும். உள்பக்கம் தையலின் மேல் அதே துணியில் 3 செ.மீ. பட்டை ஒட்டுங்கள். பசை விஷயத்தில்தான் நிறையப் பேர் தோற்கிறார்கள். மரத்துக்கும் ஃபோமுக்கும் போடும் மஞ்சள் ரப்பர் பசை முதல் வாரம் நன்றாகப் பிடிக்கும். பிறகு பிவிசிக்குள் இருக்கும் எண்ணெய்ப் பதம் அதில் ஊறி, பசை இளகி, பட்டை வழுக்கிக்கொண்டு வரும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிவிசி சிமெண்ட் காய்ந்ததும் விறைத்து உடையும். சிலிக்கோன் சரியாகப் பிடிக்காது, அதோடு அதைப் பூசிய இடத்தில் பிறகு வேறெந்தப் பசையும் ஒட்டாது. செருப்புக் கடைகளில் சோல் ஒட்டும் பியு (பாலியூரித்தேன்) பசைதான் சரி. இரண்டு பக்கமும் துடைத்து, மெல்லிசாகப் பூசி, கை ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு, சூடான ஹேர் டிரையர் காட்டி அழுத்துங்கள். ஒருநாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

அடுத்தது முன் இணைப்பு. நேரமும் பணமும் மீதம் இருந்தால் இங்கே செலவிடுங்கள். துணியை நேரடியாகக் கண்ணாடி பிரேமில் ஸ்குரு அடிக்காதீர்கள். பிரேமின் மேல் உட்காரும் ஒரு மரப்பட்டை செய்யுங்கள். நீளம் 140, அகலம் 7 செ.மீ., நடுவில் 5 செ.மீ. உயரம், இரண்டு முனையிலும் 2 செ.மீ. அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் வில்லாகவும் இருக்கும். இதனால் முன்னாலிருந்தே பக்கவாட்டு வாட்டம் தொடங்கிவிடும். தேக்கு மீதத் துண்டு கிடைத்தால் நல்லது. பட்டை பிரேமைவிட 2 செ.மீ. முன்னால் நீட்டி நிற்கட்டும். சன்ஷேடுக்கு அடியில் தண்ணீர் உள்ளே ஊராமல் கொத்தனார் ஒரு கோடு இழுத்துவிடுவாரே, அதேபோல நீட்டின பாகத்தின் அடியில் ஒரு காடி இழுங்கள். துணி மேலாக வந்து, முன்முகத்தைச் சுற்றி, அடியில் போய், அங்கே 20 மி.மீ. அலுமினியப் பட்டைக்குக் கீழ் 10 செ.மீ.க்கு ஒன்றாகப் பித்தளை ஸ்குருவால் முடுக்கப்பட வேண்டும். பட்டையை அந்தக் காடிக்குப் பின்னால் வையுங்கள். ஸ்குரு எல்லாம் அடிப்பக்கமே. மேல்பக்கம் ஒரு ஸ்குரு போட்டாலும் அது ஒழுகும், அந்த மரம் அங்கிருந்தே உளுக்கும்.

மரத்துக்கும் பிரேமுக்கும் நடுவே கார் கதவுக்குப் போடும் நுரை ரப்பர் பீடிங் ஒட்டுங்கள். அது பாதி நசுங்கும் அளவுக்கு, இரண்டு முனையிலும் நடுவிலும் இழுப்புக் கொக்கி, டிரங்குப் பெட்டியில் இருக்குமே அது, போட்டுப் பூட்டுங்கள். இரண்டு முனையில் மட்டும் பூட்டினால் நடுப்பகுதி காற்றில் எழும்பும், பீடிங் இருந்தும் சாரல் புகும். வைப்பர் மோட்டார் பிரேமின் மேல் பக்கம் உள்ள வண்டியானால் மரத்தை அதற்கேற்பக் குடைய வேண்டும். அந்தக் குடைவைச் சுற்றியும் பீடிங் போகட்டும்.

காற்றின் பலத்தைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். 60 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 17 கிலோ. 80இல் 30 கிலோ. உங்கள் கூரை இரண்டரைச் சதுர மீட்டர். பக்கம் திறந்து பின்திரை மூடியிருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கூரையை மேலே தள்ளும். ஆகவே பக்கத்திரை தயாராகும் வரை பின்திரையைச் சுருட்டி வைத்து மெதுவாகப் போங்கள்.

ஓரத்துக்குப் பித்தளை ஐலெட், 10 மி.மீ., 20 செ.மீ. இடைவெளி, மடிப்பின் உள்ளே இரட்டைப்பட்டை வைத்த பின்னரே அடிக்க வேண்டும். ஃபிளெக்ஸ் கடையில் இதற்கு மெஷின் இருக்கும், அங்கேயே அடித்து வாங்கலாம். ஆனால் பேனருக்கு அடிக்கும் மெல்லிய இரும்பு ஐலெட் துருப்பிடித்துத் துணியைக் கறையாக்கி அரிக்கும். பித்தளையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். கட்டுவதற்குக் கயிற்றைவிட லாரி டியூபில் வெட்டிய ரப்பர் வளையம் நல்லது. காற்று அடிக்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்ப இழுக்கும், ஐலெட் பிய்யாது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். துணி ஓரம் எப்போதும் பாடிக்கு வெளியே 12 செ.மீ. தொங்க வேண்டும். உள்ளே செருகிக் கட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் கூரையில் விழுந்த மொத்தத் தண்ணீரும் அழகாக சீட்டுக்கு அடியில் வந்து சேரும்.

ஜன்னலுக்கு நிறமில்லாத பிவிசி ஷீட், குறைந்தது 0.5 மி.மீ., முடிந்தால் 0.8. பின்னால் 70க்கு 35, பின்பாதிப் பக்கங்களில் 50க்கு 35, கதவில் 55க்கு 45. ஒன்றரை மீட்டர் வாங்கினால் எல்லாம் வரும். முதலில் ஷீட்டை முழுத் துணியின் மேல் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு பின்னாலிருந்து துணியை வெட்டி எடுங்கள். ஓட்டை வெட்டிவிட்டுத் தைக்கப் போனால் துணி கோணலாக இழுத்துக்கொள்ளும். கதவு ஜன்னலின் இடத்தை ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, பக்கக் கண்ணாடி தெரிகிறதா என்று பார்த்துக் குறியுங்கள். வெளியிலிருந்து அளந்தால் தவறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதை லேசாக எடுக்க வேண்டாம். பக்கத்தை மூடி, பின்திரையை மட்டும் திறந்துவைத்து ஓட்டக் கூடாது. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை உள்ளே இழுக்கப்படும். பழைய ஜீப்பின் சைலன்சர் இணைப்புகளும் பெரும்பாலும் கசியும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தலைவலியும் தூக்கமுமாகத்தான் தெரியவரும். பின்திரையைப் பூட்டி, கதவுத் திரையின் முன்மூலையை நான்கு விரல் திறந்து வையுங்கள். கண்ணாடியில் ஆவி படிவதும் அதனால் குறையும்.

வளையின் மேல் துணி உரசும் இடத்தில் வெட்டி மீந்த துணியாலேயே உறைபோலச் சுற்றித் தைத்துவிடுங்கள். ஜமுக்காளத் துண்டு சுற்றினால் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பைப்பைத் துருவாக்கும். கறுப்பு டியூப் ரப்பர் நேரடியாகப் பட்டுக்கொண்டே இருந்தால் துணியில் கறை ஏறும். வெயிலில் காய்ந்த பைப் ஜன்னல் ஷீட்டில் நேராகப் பட்டால் அந்தக் கோடு மஞ்சளாகி வெடிக்கும்.

எல்லாம் மாட்டியதும் மழைக்குக் காத்திருக்க வேண்டாம். சீட்டிலும் தரையிலும் பழைய செய்தித்தாளை விரித்து, ஹோஸ் பைப்பால் முன்னாலிருந்து கால் மணி நேரம், பிறகு ஒவ்வொரு பக்கமும் பத்து நிமிடம் அடியுங்கள். தாளில் ஈரம் பட்ட இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வளையைப் பிடித்துக்கொண்டு ஓடி, தாழ்ந்த இடத்தில்தான் சொட்டும். சொட்டும் இடத்திலிருந்து மேல்நோக்கி விரலால் தடவிக்கொண்டே போனால் ஈரம் தொடங்கும் இடம் கிடைக்கும். வண்டியின் மூக்கைத் தாழ்வான பக்கம் நிறுத்தி இன்னொரு முறை அடியுங்கள், மலையிறக்கம் எப்படி இருக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

நிறுத்தும் திசையும் கணக்கில் உண்டு. கூரையின் அடுக்கெல்லாம் முன்காற்றுக்கு ஏற்றபடி தைத்திருப்பதால் சாரல் மாதங்களில் மூக்கு மேற்கே பார்க்க நிறுத்துங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கே இருந்து வரும்போது கிழக்கே பாருங்கள். கழுவச் சாதாரண ஷாம்புத் தண்ணீர் போதும். பளபளப்புக்காக டீசலோ மண்ணெண்ணெயோ போட்டுத் துடைத்தால் பிவிசியின் பதம் போய் ஒரே கோடையில் வெடிக்கும். கழற்றி வைக்கும்போது ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகு, ஜன்னல் பாகம் மடியாதபடி ஒரு பிளாஸ்டிக் குழாயில் சுருட்டி வையுங்கள்.